எட்டு மூட்டையும் ஒரு கன்வெர்ட்டரும்

சவரிமுத்துவுக்கு ஐம்பத்தாறு வயது. அதில் முப்பது வருஷம் லாரி கியர்பாக்ஸுக்கு அடியில் மல்லாந்து படுத்தே போய்விட்டது. இந்த வயதில் ஆட்டோமேட்டிக் கியர் வேலை கற்றுக்கொள்ள மேட்டுப்பாளையத்தில் பல்கீஸ் டீச்சரின் பட்டறைக்கு வந்து சேர்ந்தார். டீச்சர் அவரைவிடப் பதினெட்டு வயது சின்னவள். பாலிடெக்னிக் வேலையை விட்டுவிட்டுப் பட்டறை வைத்தவள்.

மனுஷருக்கு யார்மேலும் நம்பிக்கை கிடையாது. டீ குடிக்கப் போனாலும் ஸ்பேனர் பெட்டியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்வார். புது ஆயில் டின்னை உடைத்தால் முதலில் மோந்து பார்ப்பார். பெண்டாட்டிக்கு ஒரு நாளைக்கு நாலு போன், "எங்க இருக்க?" என்று. அடுப்படியை விட்டால் அந்தம்மா எங்கே போய்விடப் போகிறாள்?

ஒரு திங்கட்கிழமை, கோத்தகிரியில் கன்னியாஸ்திரீகள் நடத்தும் முதியோர் இல்லத்து வேன் வந்தது. யாரோ வெளிநாட்டுப் புண்ணியவான் கொடுத்த ஆட்டோமேட்டிக். எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே, கிளட்ச் இடத்தில் இருக்கும் டார்க் கன்வெர்ட்டர் போய்விட்டது. வியாழக்கிழமை எட்டுப் பேரை டயாலிசிஸுக்குக் கீழே இறக்கி, திரும்ப மலை ஏற்ற வேண்டும். அவர்களுக்கு வேறு வண்டி இல்லை.

"நீங்களே பார்த்து மாட்டுங்கண்ணா," என்றாள் டீச்சர்.

அலமாரியில் இரண்டு கன்வெர்ட்டர் இருந்தன. ஒன்றின் முதுகில் 1600 என்று பெயிண்டில் எழுதியிருந்தது. மற்றதில் 2200.

"என்னங்க வித்தியாசம்?"

பாதியாக அறுத்து வைத்திருந்த பழசு ஒன்றைக் காட்டினாள். உள்ளே கிண்ணம் மாதிரி இரண்டு சக்கரம், எதிரும் புதிருமாக.

"இது எஞ்சினோட சுத்தும். அது கியர்பாக்ஸோட. ஒண்ணை ஒண்ணு தொடாது, நடுவுல ஆயில்தான். இது வீசுற ஆயில்ல அது சுத்தும். நிக்கிற வண்டியில ஆக்சிலேட்டரை முழுசா மிதிச்சா எஞ்சின் நிமிஷத்துக்கு எத்தனை சுத்து வரைக்கும் போக முடியும்? அதுதான் இந்த நம்பர்."

"அப்ப ரெண்டாயிரத்து இருநூறு ரொம்ப வழுக்கும்."

"வழுக்கும்."

"எஞ்சின் சுத்துறது முழுசா சக்கரத்துக்குப் போகாது."

"போகாது."

"மீதி எங்க போகுது?"

டீச்சர் சிரித்தாள். அந்தச் சிரிப்பு சவரிமுத்துவுக்குப் பிடிக்கவில்லை.

லாரியில் கிளட்ச் வழுக்கினால் பிளேட் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். தேய்ந்ததை அவர் தலையில் கட்டப் பார்க்கிறாள். வண்டி பாதி மலையில் நின்றால், 'சவரியண்ணன் மாட்டினதுங்க' என்று கை கழுவிவிடுவாள்.

"எனக்கு இறுக்கமானதுதான் வேணும்," என்று 1600-ஐ எடுத்தார்.

"சரிங்கண்ணா."

இவ்வளவு லேசாக யாராவது 'சரி' சொல்வார்களா? அதிலும் ஏதோ இருக்கிறது.

செவ்வாய் மத்தியானம் மாட்டி முடித்தார். டீச்சர் மண்டியிலிருந்து எட்டு மூட்டை உருளைக்கிழங்கை வரவழைத்து வேனில் ஏற்றினாள்.

"இது எதுக்குங்க?"

"எட்டுப் பேர்."

மலையில் வண்டி ஒழுங்காகத்தான் ஏறியது. சவரிமுத்து ஓரக்கண்ணால் டீச்சரைப் பார்த்துக்கொண்டே ஓட்டினார். ஒரு கொண்டை ஊசி வளைவில் மேலிருந்து பஸ் இறங்கியது. நிறுத்தி வழிவிட்டார். பிறகு மிதித்தார்.

எஞ்சின் முனகியது. எஞ்சின் சுற்றைக் காட்டும் முள் ஆயிரத்து அறுநூறில் போய் நின்றுகொண்டது. வண்டி முன்னால் போகவில்லை, பின்னால் உருண்டது.

"இன்னும் மிதிங்க."

"தரை வரைக்கும் மிதிச்சாச்சு டீச்சர்!"

பிரேக்கில் ஏறி நின்றார். ஒரு மூட்டை அவிழ்ந்து, கிழங்கெல்லாம் சீட்டுக்கடியில் ஓடியது. பின்னால் இரண்டடியில் பள்ளம்.

"இந்த எஞ்சினுக்கு ரெண்டாயிரத்துக்கு மேலதான் பலமே வரும்," என்றாள் டீச்சர், கிழங்கைப் பொறுக்கிக்கொண்டே. "நீங்க மாட்டினது வழுக்காது, அதான் எஞ்சினை அங்க போகவே விடலை. நல்லவேளை, இந்தக் கிழங்குக்கு டயாலிசிஸ் இல்லை."

மூட்டைகளை ரோட்டோரம் இறக்கிய பிறகுதான் வண்டி மனசு வைத்தது. அதைத் திருப்பிக்கொண்டு, மூட்டைகளை மறுபடி ஏற்றிக் கீழே இறங்கினார்கள்.

"தெரிஞ்சேதான் விட்டீங்களா?"

"தெரியும்."

"ஏன் சொல்லலை?"

"சொல்லியிருந்தா என்னண்ணா நினைச்சிருப்பீங்க?"

தேய்ந்ததை அவர் தலையில் கட்டுகிறாள் என்றுதான். நினைத்ததைத்தான் நினைத்தாயிற்றே.

புதன்கிழமை காலையில் கியர்பாக்ஸை மறுபடி இறக்கி 2200-ஐ மாட்டினார். டீச்சர் பக்கத்தில்கூட வரவில்லை.

"போல்ட்டெல்லாம் சரியான்னு பாக்க வேண்டாமா?"

"நீங்கதானே மாட்டினீங்க."

அதைத் தாங்க முடியவில்லை அவரால். தானே அடியில் புகுந்து மூன்று தடவை பார்த்தார்.

அதே எட்டு மூட்டை, அதே வளைவு. வேண்டுமென்றே நிறுத்தினார். மிதித்தார். முள் இரண்டாயிரத்தைத் தாண்டி ஏறியது. அரை மூச்சு நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு யாரோ முதுகில் கை வைத்துத் தள்ளுவது போல வண்டி கிளம்பியது. வளைவு முடிந்து ரோடு நேரானதும் முள் தானாகவே இறங்கிக்கொண்டது.

கோத்தகிரியில் இல்லத்து வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கினார்கள். சவரிமுத்து அன்றைக்கு மூன்றாவது தடவையாகப் பெண்டாட்டிக்குப் போட போனைக் கையில் எடுத்தார். போடாமல் திரும்பினார்.

"எல்லாம் சரிங்க டீச்சர். அந்த மீதி எங்க போகுதுன்னு மட்டும் நீங்க இன்னும் சொல்லலை."

டீச்சர் வேனின் பின்கதவைத் திறந்து, மூட்டைகளை எண்ணாமலே சாத்தினாள்.

"வழுக்கிப் போன அந்த மீதியிலதாண்ணா நாம இங்க வந்து நிக்கிறோம்."