சட்டியைக் காத்த சிட்டுக்குருவி

பறவைகளும் எலிகளும் மனிதரோடு பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், ஜெர்மனியில் ஓர் ஆற்றங்கரை ஊரில் கெர்லிண்டே என்ற ரொட்டிக்காரி இருந்தாள். ரொட்டியை ஒரு முறை சுட்டு, துண்டு போட்டு, மறுபடியும் சுட்டுப் படகுக்காரர்களுக்கு ரஸ்க் ஆக்கித் தருவது அவள் தொழில்.

ஒரு வருஷம் பனி உருகி ஆறு பொங்கியது. மாவெல்லாம் வெள்ளத்தில் போயிற்று. கெர்லிண்டே மூன்று வயது மகள் எல்சேயோடு மாடியில் மாட்டிக்கொண்டாள். மிஞ்சியது பழைய ரஸ்க் ஒரு மூட்டையும் கொஞ்சம் தேனும். எல்சேக்குத் தொண்டை வீங்கிக் காய்ச்சல் அடித்தது. கல்லாய் இறுகிய ரஸ்க் அவளுக்கு இறங்கவில்லை.

மூன்றாம் நாள் காலை, பக்கத்து வீட்டுக்காரர் கூரை வழியாக ஒரு செம்பு பால் நீட்டினார். குழந்தையின் வாயருகே கொண்டுபோனாள் கெர்லிண்டே.

"அப்படியே கொடுத்தால் ஒரு வேளைக்குத்தான் வரும். ரஸ்க்கை அதில் ஊறவைத்துச் சூடாக்கு, நாலு வேளைக்கு வரும்" என்றது உத்தரத்தில் ஒண்டியிருந்த சிட்டுக்குருவி.

அவள் ரஸ்க்கை நொறுக்கி, பாலும் தேனும் ஊற்றி, சட்டியை மூடி, மாடியிலிருந்த இரும்பு அடுப்பில் ஏற்றினாள். ஆனால் உட்கார முடியவில்லை. குழந்தையைத் தொட்டுப் பார்ப்பாள், ஓடிவந்து மூடியைத் திறப்பாள், ஜன்னலில் தண்ணீர் ஏறுகிறதா என்று எட்டிப் பார்ப்பாள், மறுபடியும் திறப்பாள்.

"திறக்கத் திறக்கச் சூடு போகிறது. நீ குழந்தையிடம் இரு. நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றது குருவி.

அப்போது எல்சேக்கு வலிப்பு வந்தது. கெர்லிண்டே அவளை மடியில் அணைத்துப் பிடித்தாள். அந்த நேரம் பார்த்து, வெள்ளத்துக்குத் தப்பிய எலிகள் படியேறி வந்தன.

"தள்ளிப் போ. எங்களுக்கும் பசி" என்றது முன்னால் வந்த எலி.

"தெரியும். ஆனாலும் இதைத் தரமாட்டேன்" என்று குருவி கொதிக்கும் சட்டியின் மூடிமேல் இறங்கியது. ஏறிய எலியை எல்லாம் கொத்தித் தள்ளியது. பறந்தால் சட்டி போய்விடும். நின்றால் கால் வெந்துவிடும். இரண்டு கால்களையும் சேர்த்துத் தூக்கித் தூக்கிக் குதித்துக்கொண்டே இருந்தது, எலிகள் சலித்துத் திரும்பும்வரை.

வலிப்பு நின்றது. எல்சே கண் திறந்தாள். வெண்ணெய் போலக் குழைந்திருந்ததை ஒரு கரண்டி விழுங்கிவிட்டு, "இன்னும்" என்றாள்.

கெர்லிண்டே குருவியை ஈரத்துணியில் கிடத்தினாள். "ஏன் பறந்து போகவில்லை நீ?" என்று கேட்டு அழுதாள். நாளடைவில் குருவியின் கால் புண் ஆறியது. ஆனால் கால்கள் பழையபடி மாறி மாறி நடக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் சிட்டுக்குருவிகள் நடப்பதை விட்டு, ஓரிடத்தில் நில்லாமல் குதித்துக் குதித்துப் போகத் தொடங்கின; அந்த ஆற்றங்கரை வீடுகளில், பாலில் ஊறிய ரஸ்க் இனிப்பின் முதல் கரண்டியை நன்றாக ஆறவைத்து ஜன்னல் விளிம்பில் வைப்பதும் அன்று தொடங்கியதுதான்.