சுடாத கிளிஞ்சல்

மந்திரவாதிகள் பெண் கேட்டு வீடு வீடாய் அலைந்த காலம் ஒன்று இருந்தது. அந்தக் காலத்தில் கடலோரத்தில் வடிவாச்சி என்று ஒருத்தி, கிளிஞ்சலைக் காளவாயில் சுட்டுச் சுண்ணாம்பாக்கிப் பிழைத்துவந்தாள். அவளுக்கு உயிர் என்றால் ஒரே மகள் செவந்திதான்.

புளிங்காடன் என்ற மந்திரவாதி செவந்தியைப் பெண் கேட்டான். "மாட்டேன்" என்றாள் அவள். அவ்வளவுதான், அவன் மந்திரத்தில் கெண்டை மீனாகிக் காளவாய்ப் பக்கத்துக் குளத்தில் விழுந்தாள்.

"மூணு அமாவாசைக்கும் வந்து குளத்துல புளிப்பு ஊத்துவேன். தாங்கினா மக உனக்கு. செத்தா, அவ ஆவி எனக்கு ஏவல் செய்யும்," என்றான் வடிவாச்சியிடம். பாவி, சொன்னதைச் செய்கிறவன்.

முதல் அமாவாசை. ஒரு குடுவை ஊற்றினான். தண்ணீர் புளித்தது. கெண்டை தவித்துப்போய், கரையிலிருந்து சுடாத கிளிஞ்சல் சரிந்து கிடந்த மூலையில் ஒண்டியது. வடிவாச்சி அதைக் கவனிக்கவா செய்தாள்? ஒரு கூடைச் சுண்ணாம்பைக் கொட்டினாள். புளிப்பு போயிற்று.

இரண்டாம் அமாவாசை. இரண்டு குடுவை. மீன் மறுபடி அதே மூலைக்கு ஓடியது. பதறிய தாய் கூடை கூடையாய்க் கொட்டினாள். அவளுடைய மஞ்சள் தோய்த்த முந்தானை தண்ணீரில் பட்டதும் ஆரத்தி மாதிரிச் சிவந்தது. சுண்ணாம்புக் காரம் மிஞ்சிவிட்டது. மீனின் ஒரு கண் வெந்து வெளுத்திருந்தது.

"என் கையாலயே பாழாக்கிட்டேனே" என்று அழுதாள். அழுது ஓய்ந்தபோதுதான் கேட்டுக்கொண்டாள்: ரெண்டு தடவையும் என் பொண்ணு எங்கே போய் ஒதுங்கினா?

காளவாயை அணைத்தாள். குவித்திருந்த கிளிஞ்சல் அத்தனையையும் குளத்தில் தள்ளினாள். மழை பெய்து காரமும் தணிந்தது.

மூன்றாம் அமாவாசை. மூன்று குடுவை. கிளிஞ்சல் நுரைத்து, கொஞ்சமாய்க் கரைந்து, புளிப்பைத் தின்றுவிட்டது. ஆத்திரத்தில் புளிங்காடன் காளவாயில் மிச்சமிருந்த சுண்ணாம்பை வாரி இறைத்தான். தண்ணீர் வெள்ளையாய்க் கலங்கியது. கரைந்திருந்த கிளிஞ்சல் அந்தச் சுண்ணாம்பையும் சேர்த்துக்கொண்டு மறுபடி உறைந்து அடியில் படிய, குளம் தெளிந்துவிட்டது. வடிவாச்சி முந்தானையை நனைத்துப் பார்த்தாள். மஞ்சள் மஞ்சளாகவே இருந்தது.

மந்திரம் பொய்த்துப் புளிங்காடன் தன் குடுவைக்குள்ளேயே கரைந்துபோனான். செவந்தி கரையேறினாள். ஒரு கண் மட்டும் வெள்ளையாகவே இருந்தது.

"இது அவன் செஞ்சதாம்மா?"

"இல்லடி. நான் செஞ்சது."

செவந்தி ஈரக் கையால் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அந்தக் குளம் அதற்கப்புறம் புளிக்கவும் இல்லை, கரிக்கவும் இல்லை. ஊரே அதில்தான் தண்ணீர் மொண்டது. தாயும் மகளும் எங்கே போனாலும், அந்த வெள்ளைக் கண் பக்கமாகவே வடிவாச்சி நடப்பாளாம்.