உறுமாத டர்ன்டேபிள்

உறையூரில் பெனிட்டா டீச்சர் நடத்தும் கடையில் ஒரு பழக்கம் உண்டு. இசைத்தட்டைச் சுழற்றிப் பாட வைக்கும் டர்ன்டேபிள் வாங்க வருகிறவர்கள் முதலில் ஸ்டூலில் உட்கார்ந்து கேட்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டு வருஷம் இயற்பியல் நடத்திவிட்டு, வேலையை விட்டுவிட்டு இந்தக் கடையைப் போட்டவர் டீச்சர். வயது நாற்பத்தொன்று. ஸ்டூலில் உட்கார்ந்தவர்களில் பாதிப் பேர் வாங்கிக்கொண்டு போனார்கள். மீதிப் பேர் வாங்காமல் சந்தேகம் கேட்டுக் கேட்டே மாணவர்களாகிவிட்டார்கள்.

பஞ்சநதம் மாணவரானபோது அவருக்கு அறுபத்தேழு வயது. சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். மூன்று முறை அளக்காமல் தன் வீட்டு வாசற்படியைக்கூட நம்ப மாட்டார்.

தை மாதம் ஒரு சனிக்கிழமை கடைக்கு வந்தார்.

“பதினஞ்சாயிரத்துக்குள்ள நல்ல டர்ன்டேபிளா ஒண்ணு வேணும் டீச்சர்.”

“யாருக்கு சார்?”

“வீட்டுக்கு.”

அது பாதிப் பதில். மீதியை அவர் சொல்லவில்லை. மைத்துனர் காலமாகி வீட்டை ஒழித்தபோது ஓர் இசைத்தட்டு கிடைத்திருந்தது. நாற்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால், கும்பாபிஷேகத்துக்காக ஒரு கோயில் கமிட்டி போட்டது. அதில் பாடியிருந்தது பஞ்சநதத்தின் மனைவி விசாலாட்சி அம்மாள். அப்போது வயது பத்தொன்பது. அந்தத் தட்டை அந்த அம்மாள் ஒரே ஒரு முறை, கமிட்டி அறையில் நின்றபடி கேட்டதோடு சரி.

இப்போது அந்த அம்மாளுக்குக் காது போய்க்கொண்டிருந்தது. அடித்தொனியில் வரும் கனமான ஒலிகள் முதலில் போகும், மற்றவை பின்னாலேயே போகும், ஒரு வருஷம் தாங்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அப்படியானால் அவள் கேட்பது அப்பழுக்கில்லாமல் இருக்க வேண்டும் என்று பஞ்சநதம் முடிவு கட்டினார். அந்த முடிவில் அன்பைத் தவிர வேறொன்றும் இல்லை. அதனால் அவர் அதைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை.

டீச்சர் ஒன்றை ஓடவிட்டுக் காட்டினார். பஞ்சநதம் ஸ்பீக்கரில் காதை ஒட்டினார்.

“அடியில ஏதோ உறுமுதே?”

“மோட்டார் சத்தம். இந்த விலைக்குக் கொஞ்சம் இருக்கத்தான் செய்யும்.”

“உறுமாதது எது?”

“இதைவிடக் கம்மியா உறுமுறது இருக்கு. அடுத்த வாரம் வரும்.”

பஞ்சநதம் நோட்டில் குறித்துக்கொண்டு போனார். மாசியில் வந்தார். பெல்ட்டில் ஓடுவது உறுமாது என்று யாரோ சொல்லியிருந்தார்கள். உறுமல் குறைவுதான், ஆனால் வேகம் ஒரு மயிரிழை அலைந்தது. பங்குனி முழுக்க அடியில் வைக்கும் ரப்பரைப் பற்றிப் பேசினார். சித்திரையில் ஊசிக்கு வந்தார்.

“ஊசி பாரம் எவ்வளவு கம்மியா இருந்தா நல்லது டீச்சர்?”

டீச்சர் ஊசியைத் தாங்கும் கைக்குப் பின்னால் இருந்த எடையைத் திருகினார். பழைய தட்டு ஒன்றைப் போட்டு ஊசியை இறக்கினார். ஊசி எந்தக் கோட்டிலும் பதியாமல் வழுக்கிக்கொண்டு போய் நடுவில் நின்றது. பாட்டில் ஒரு சொல்கூட வரவில்லை.

“இதுக்கு மேல கம்மி பண்ண முடியாது சார்.”

பஞ்சநதம் அதையும் நோட்டில் எழுதிக்கொண்டார்.

சனிக்கிழமை சாயங்காலங்களில் விசாலாட்சி அம்மாள் வாசலுக்கு வந்து அவர் கையைப் பார்ப்பார்.

“இன்னைக்காவது வாங்குனீங்களா?”

“ரெண்டுல வந்து நிக்குது.”

“ரெண்டுல எதுனாலும் சரிங்க. எனக்கு என் குரலைக் கேக்கணும், அவ்வளவுதான்.”

“உனக்குத் தெரியாது. உறுமும்.”

ஆவணி பிறந்தது. பஞ்சநதம் நோட்டை விரித்து டீச்சர் முன்னால் வைத்தார்.

“இது உறுமல் கம்மி, வேகம் அலையுது. அது வேகம் அலையல, உறுமல் ஒரு பொட்டு கூட. எதை எடுக்க டீச்சர்?”

“எட்டு மாசமா நீங்களே கேட்டுட்டிருக்கீங்க. வீட்ல கேக்கப்போறது யாரு?”

பஞ்சநதம் அப்போதுதான் சொன்னார். தட்டைப் பற்றிச் சொன்னார், காதைப் பற்றிச் சொன்னார், டாக்டர் சொன்னதையும் சொன்னார். டீச்சர் கையில் இருந்த துடைக்கும் துணியைக் கீழே வைத்தார்.

“யாருக்குன்னு அன்னைக்கு நான் இன்னொரு தடவை கேட்டிருக்கணும்” என்றார். “அம்மாவைக் கூட்டிட்டு வாங்க சார். இப்பவே. தட்டையும் எடுத்துட்டு வாங்க.”

ஒரு மணி நேரத்தில் ஆட்டோ வந்து நின்றது. டீச்சர் விசாலாட்சி அம்மாளை ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் நாற்காலியில் உட்கார வைத்தார். கைக்கு எட்டியது எதுவோ அதில் தட்டைப் போட்டார். உறுமுகிற டர்ன்டேபிள்தான் கைக்கு எட்டியது.

முதலில் தம்பூரா வந்தது. பிறகு பத்தொன்பது வயதுக் குரல் எழுந்தது. பஞ்சநதத்துக்கு உறுமல் உடனே கேட்டுவிட்டது.

“டீச்சர், அந்த உறுமல்...”

டீச்சர் உதட்டில் விரலை வைத்தார்.

விசாலாட்சி அம்மாள் தொடையில் தாளம் போட்டார். ஓரிடத்தில் சிரித்தார்.

“இங்க மூச்சு வாங்கிட்டேன். இன்னொரு தடவை பாடுறேன்னு சொன்னேன், விடல.”

பாட்டு முடிந்தது. டீச்சர் அவர் வலது காதருகே குனிந்து உரக்கக் கேட்டார்.

“உறுமல் ஏதாவது கேட்டுச்சாம்மா?”

“என்ன உறுமல்? ஒண்ணுமே இல்லையே. குரல் சுத்தமா இருக்கு.”

பஞ்சநதம் நிம்மதியாக மூச்சு விட்டார். அந்த அம்மாள் புருவத்தைச் சுருக்கினார்.

“ஆனா ஏம்மா, தம்பூராவே இல்லாம பதிஞ்சிருக்காங்க? எங்க சித்தி பக்கத்துல உக்காந்து மீட்டுனாங்களே, எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. சுருதி இல்லாம மொட்டையால்ல இருக்கு.”

தம்பூரா ஆரம்பத்திலிருந்து கடைசி வரை ஒலித்திருந்தது. பஞ்சநதத்தின் நோட்டு மடியில் கிடந்தது.

“பரவால்ல. இன்னொரு தடவை போடு தாயி” என்றார் விசாலாட்சி அம்மாள்.

டீச்சர் போட்டார். இந்த முறை பஞ்சநதம் உறுமலைத் தேடவில்லை.

முடிந்ததும் டீச்சர் பிளக்கைப் பிடுங்கினார். அதே டர்ன்டேபிளை அட்டைப் பெட்டியில் வைத்துச் சணல் கயிற்றால் கட்டத் தொடங்கினார். எதை எடுத்துக்கொள்கிறீர்கள் என்று அவர் கேட்கவில்லை.

பஞ்சநதம் எழுந்து பக்கத்தில் வந்தார். மனைவிக்குக் கேட்காது என்று தெரிந்தும் குரலைத் தாழ்த்தினார்.

“டீச்சர், எந்த டர்ன்டேபிள்ல போட்டா அவளுக்கு அந்தத் தம்பூரா கேக்கும்?”

டீச்சர் முடிச்சை இறுக்கினார்.

“தை மாசம் எதுல போட்டிருந்தாலும் கேட்டிருக்கும் சார்.”