கதவுக்குப் பின்னால் இருமியது யார்

"ஆட வர்றவங்கள எவ்வளவு பேச விடலாம், பர்வீன்?" என்று கேட்டாள் செண்பகா.

பர்வீன் அவளைவிட நான்கு வயது இளையவள். ஆனால் அந்த ஊரில் பகடை உருட்டிக் கதை ஆடுகிறவர்கள் எல்லோரும் அவளிடம் கற்றவர்கள்தான்.

"என்னாச்சுக்கா?"

"நான் கதை நடத்துறேன். நாலு பேர் ஆளுக்கொரு பாத்திரமா ஆடுறாங்க. பாழடைஞ்ச கலங்கரை விளக்கம். உச்சியில ஒரு கதவு. உள்ள இருக்கிற பேயைப் பத்தி நாலு பக்கம் எழுதி வெச்சு வாசிச்சேன்."

"நாலு பக்கமா? பேய்க்கே கொட்டாவி வந்திருக்கும்."

செண்பகா சிரிக்கவில்லை.

"டெய்சி போனை நோண்ட ஆரம்பிச்சுட்டா. சரி, உள்ள என்ன இருக்குன்னு நீங்களே சொல்லுங்கன்னு விட்டேன். பரோட்டாக் கடைன்னான் ரூபன். ஆளாளுக்குச் சால்னா கேட்டாங்க. இந்த ஞாயிறும் இப்படித்தான்னா இனிமே வரமாட்டாங்களாம். எனக்கு இருக்கிற சிநேகிதமே அந்த நாலு பேர்தான்."

பர்வீன் ஒரு பகடையை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தாள்.

"இங்க ஒரு வழக்கம். பகடை கையில இருக்கும்போது சொன்னது, கதையில நடந்தது. திரும்ப வாங்க முடியாது."

"சரி."

"நீங்க விளக்குக் காவல்காரர் மக. படியேறி வந்துட்டீங்க. கதவுக்குப் பின்னால சத்தம். என்ன சத்தம்?"

"அதை நீதானே சொல்லணும்?"

பர்வீன் அவள் கையிலிருந்த பகடையைக் கண்ணால் காட்டினாள்.

"இருமல்," என்றாள் செண்பகா.

"யாரோட இருமல்?"

"எங்க அண்ணனோடது."

"உள்ள என்ன பண்றார்?"

"அவன் உள்ள இருக்க முடியாது."

"ஏன்?"

"கடலுக்குப் போனவன். மூணாம் நாள் கரை ஒதுங்கினான். முகத்துல இருந்த மணலைத் துடைச்சது நான்தான்."

சொன்ன பிறகுதான் கையிலிருந்த பகடையைப் பார்த்தாள். ஒரு நிமிடம் முன்பு வரை அப்படி ஓர் அண்ணன் அவளுக்கு இல்லை.

"இதை மாத்திக்கலாமா?"

"முடியாது."

யாரும் இருமவில்லை. ஆனாலும் செண்பகா காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள்.

"கதவைத் திறக்கிறீங்களா?"

"மாட்டேன்."

"சரி."

அவ்வளவு எளிதாக விட்டது அவளை இன்னும் பயமுறுத்தியது.

"திரும்பிப் போகலாமா?"

"உங்க கால், உங்க இஷ்டம்."

"இறங்கறேன்."

"எத்தனை படி?"

"பத்து... பதினொன்னு."

பர்வீன் கேள்வி கேட்பதை நிறுத்தினாள்.

"மேல தாழ்ப்பாள் விலகுது," என்றாள்.

செண்பகா சட்டென்று திரும்பிப் பார்த்தாள். பின்னால் வெறும் சுவர். அதில் வெயில்.

பகடையைப் பர்வீனிடம் நீட்டினாள்.

"ஞாயித்துக்கிழமை," என்றாள், "டெய்சியை முதல்ல படியேறச் சொல்றேன். என்ன சத்தம்னு அவளே சொல்லட்டும்."