திருவேங்கடம் (பொறுப்பு)

முக்கால்பாளையத்தில் ஒரு வாய்க்கால் இருக்கிறது. அதில் தண்ணீர் வருவது நின்று பதினேழு வருடம் ஆகிறது. எத்தனை அடி தண்ணீர் ஓடுகிறது என்று அளந்து எழுதத் திறந்த அலுவலகம் மட்டும் இன்னும் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கிறது. தினம் காலை பத்தரைக்குப் பதிவேட்டைத் திறந்து, ‘இன்றைய நீர்மட்டம்: பூஜ்யம்’ என்று எழுதுவார்கள். கீழே நான்கு பேர் கையெழுத்துப் போடுவார்கள். ஒரு பூஜ்யத்துக்கு எதற்கு நான்கு கையெழுத்து என்று கேட்டால், மூன்றோடு விட்டால் அது உறுதியான பூஜ்யம் ஆகாது என்பார்கள்.

அந்த அலுவலகத்தில் யாரும் மீறாத விதி ஒன்று உண்டு. எந்த நாற்காலியும் காலியாக இருக்கக் கூடாது. ஒருவர் லீவு போட்டால் இன்னொருவர் அவர் நாற்காலியில் உட்கார்ந்து, அவர் பெயருக்குப் பக்கத்தில் ‘பொறுப்பு’ என்று போட்டுக் கையெழுத்திட வேண்டும். ஒருமுறை மூன்று பேருக்கு ஒரே நாளில் காய்ச்சல் வந்தது. மிச்சமிருந்த மரியதாஸ் நான்கு நாற்காலியிலும் மாறி மாறி உட்கார்ந்தார். மதியம் தனக்கு அரை நாள் லீவு வேண்டும் என்று எழுதி, கண்காணிப்பாளர் நாற்காலிக்குப் போய் உட்கார்ந்து, வேலைப்பளு கருதி அதை மறுத்தார்.

நிஜமான கண்காணிப்பாளர் திருவேங்கடம். வயது ஐம்பத்து நான்கு. அவரைத்தான் ஒருநாள் அவர் மனைவி புஷ்பலதா இழுக்காத குறையாக டாக்டர் மெஹருன்னிசாவிடம் கூட்டிக்கொண்டு போனார்.

“சர்க்கரை இருநூத்தி எண்பத்தாறு,” என்றார் டாக்டர். “தொண்ணூறு நாள் தர்றேன். குறையலைன்னா ஊசிதான். தினமும், வயித்துல.”

திருவேங்கடம் நாற்காலியைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். வீட்டில் சட்டைக்குப் பட்டன் தைத்தாலே பக்கத்து அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறவர் அவர்.

“பயப்படாதீங்க. மாத்திரையை ஒழுங்கா போடுங்க. தினம் பத்தாயிரம் அடி நடங்க. நேரா முன்னாடி பார்த்து நடங்க. கடனேன்னு நடக்காதீங்க, ஆசையா நடங்க. அதுக்காக ஆபீஸையும் விட்டுடாதீங்க, வீட்டையும் விட்டுடாதீங்க. வேலை, குடும்பம், நடை மூணும் சமமா இருக்கணும்.”

“வாயால சொன்னா இவருக்கு ஏறாது டாக்டர். எழுதிக் குடுங்க,” என்றார் புஷ்பலதா.

டாக்டர் செய்த தவறு அது ஒன்றுதான். எழுதிக் கொடுத்தார்.

மறுநாள் அலுவலகத்தில் அவசரக் கூட்டம். உதவியாளர் அருணகிரி சீட்டை இரண்டு தடவை உரக்கப் படித்தார். அவர் கல்யாணம் செய்துகொள்ளாதவர், விதிகளோடு வாழ்கிறவர். எழுத்தர் பக்கிரிசாமிக்கு எல்லாவற்றிலும் சந்தேகம். அலுவலக உதவியாளர் மரியதாஸ் ஒல்லி, கூட்டத்தில் நின்றுகொண்டிருப்பார்.

“மூணும் சமம்னு இருக்கு,” என்றார் அருணகிரி. “நாளுக்கு இருபத்து நாலு மணி. எட்டு மணி வேலை, எட்டு மணி குடும்பம், எட்டு மணி நடை.”

“அப்ப தூக்கம்?” என்று கேட்டார் பக்கிரிசாமி.

திருவேங்கடம் சீட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

“இதுவரைக்கும் எங்க தூங்கிட்டு இருந்தோம்?”

“இங்கதான் சார்.”

“அப்ப அதுல மாத்தம் இல்ல,” என்றார் திருவேங்கடம். கூட்டம் முடிந்தது.

திங்கட்கிழமை காலை ஐந்து மணிக்கு நால்வரும் புறப்பட்டார்கள். கண்காணிப்பாளர் தனியாக நடந்தால் மரியாதையாக இருக்காது அல்லவா? நேராக முன்னால் பார்த்து நடந்தார்கள். திரும்பி நடக்கச் சொல்லி எழுதியிருக்கவில்லை, அதனால் திரும்பவில்லை. பத்தரை மணிக்குப் பார்த்தால் புளியங்குட்டை பஸ் ஸ்டாண்டில் நின்றார்கள். ஊரிலிருந்து பதினெட்டு கிலோமீட்டர்.

“பஸ்ல ஏறினா திரும்பின மாதிரி ஆகாதா?” என்றார் பக்கிரிசாமி.

“திரும்பறது பஸ்ஸுய்யா. நாம நேராத்தான் பார்க்கப் போறோம்,” என்றார் அருணகிரி.

பன்னிரண்டு மணிக்குத்தான் பஸ் கிளம்பியது. கூட்டமே இல்லை. ஆனால் எட்டு மணி நேரம் முடிய இன்னும் ஒரு மணி பாக்கி. நால்வரும் டிரைவர் சீட்டுக்கும் கடைசி சீட்டுக்கும் நடுவில் நடந்தார்கள்.

“உட்காருங்க சார். அத்தனை சீட்டும் காலியா கிடக்கு,” என்றார் கண்டக்டர்.

“நடக்கிற நேரம் தம்பி.”

“நடக்கிறதுக்கு எதுக்கு சார் டிக்கெட்?”

“உட்கார்ந்தா மட்டும்தான் டிக்கெட்டா?” என்றார் அருணகிரி. கண்டக்டர் அதற்குப் பிறகு அவர்கள் பக்கம் வரவில்லை. வாயைக் கொடுக்க விரும்பாத முகத்தோடு முன் படிக்கட்டில் நின்றுகொண்டார்.

அலுவலகம் வந்து சேர்ந்தபோது மணி ஒன்று. பதினேழு வருடத்தில் முதல்முறையாக நான்கு நாற்காலியும் காலியாகக் கிடந்தன. காலை முழுவதும் வாய்க்காலில் தண்ணீர் வரவில்லை என்பதற்கு ஆதாரமே இல்லாமல் போயிற்று. பக்கிரிசாமிக்குக் கண் கலங்கிவிட்டது.

“ஒரு மனுஷன் மூணு இடத்துல இருக்க முடியாது,” என்றார் திருவேங்கடம். “ஊசியை நினைச்சா எனக்கு வயிறு இப்பவே குத்துது. வழி சொல்லுங்கய்யா.”

“வழி நம்மகிட்டயே இருக்கு சார்,” என்றார் அருணகிரி. “பொறுப்பு!”

அரை மணியில் உத்தரவு தயார். திருவேங்கடத்தின் அலுவலக நாற்காலி பக்கிரிசாமி பொறுப்பு; வெளியே போகிற மற்ற இருவர் நாற்காலியிலும் அவரே மாறி மாறி உட்காருவார். திருவேங்கடத்தின் நடை மரியதாஸ் பொறுப்பு. திருவேங்கடத்தின் குடும்பம் அருணகிரி பொறுப்பு. அவருக்கென்று குடும்பம் இல்லாததால், அங்கே போனால் இங்கே காலி என்கிற சிக்கலும் இல்லை.

“எனக்கு என்னய்யா வேலை?”

“மேற்பார்வை சார்.”

மேற்பார்வை பார்க்க ஓர் இடம் வேண்டும். அலுவலகத்தில் நாற்காலி இல்லை. வீட்டில் அருணகிரி இருப்பார். வாய்க்கால் கரையில் மரியதாஸ் நடப்பார். மூன்றுக்கும் நடுவில் ஒரு டீக்கடை இருந்தது. திருவேங்கடம் காலை எட்டு மணியிலிருந்து மாலை ஆறு வரை அதன் பெஞ்சில் உட்கார்ந்து மேற்பார்வை பார்த்தார். சும்மா உட்கார்ந்தால் கடைக்காரர் முகம் சுளிப்பார் என்று மணிக்கொரு டீ, டீக்கொரு போண்டா.

முதல் நாள் அழைப்பு மணி அடித்ததும் புஷ்பலதா கதவைத் திறந்தார்.

“வாங்கண்ணே. அவர் இல்லையே.”

“தெரியும்மா. அவர் பொறுப்புல நான் வந்திருக்கேன்,” என்று உத்தரவை நீட்டினார் அருணகிரி.

புஷ்பலதா அதை ஒருமுறை படித்தார். இன்னொருமுறை படித்தார். பிறகு அருணகிரியை மேலும் கீழும் பார்த்தார்.

“அவர் பார்க்க வேண்டிய வேலை எல்லாத்தையும் நீங்க பார்ப்பீங்களா?”

“ஒண்ணு விடாம.”

“மாடித் தண்ணித்தொட்டி கழுவி ஆறு வருஷமாச்சு. மாடிப்படிக்கு அடியில பிரஷ் இருக்கு.”

தொட்டி கழுவப்பட்டது. அடுத்த வாரம் ஒழுகுகிற குழாய் சரியானது. பரணில் இருந்த பழைய பேப்பரெல்லாம் கீழே வந்தது. மாலை நான்கரைக்கு அருணகிரி நாற்காலியில் உட்கார்ந்து, “குடும்பத்தோட அரை மணி நேரம் பேசணும்மா. எதைப் பத்திப் பேசலாம்?” என்று கேட்பார். புஷ்பலதா தன் தங்கையின் நாத்தனாரைப் பற்றி அரை மணி பேசுவார். அருணகிரி குறிப்பெடுத்துக்கொள்வார். ஆறு மணிக்கு அந்தக் குறிப்பு டீக்கடைக்குப் போகும். திருவேங்கடம், ‘பார்த்தேன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார்.

சிரிக்கலாம். நானும் சிரித்தேன். பிறகு, என் வீட்டில் நான் ‘பார்த்தேன்’ என்று எத்தனை விஷயத்துக்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன் என்று எண்ண ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டேன்.

மரியதாஸ் தினமும் கரையில் மதகுவரை போய்த் திரும்பினார். ஐயாயிரம் அடி. மீதி ஐயாயிரத்துக்கு நேராக, ‘நடவடிக்கையில் உள்ளது’ என்று எழுதினார். ஞாயிறு, பண்டிகை, மழை எல்லாம் கழித்து அறுபது நாள் வேலை. மொத்தம் மூன்று லட்சம் அடி. ஏற்கெனவே ஒல்லியான மனிதர், பக்கவாட்டில் நின்றால் தேட வேண்டியிருந்தது. டீக்கடை பெஞ்சில் அவருக்கு மிச்சமாகும் இடத்தையும் திருவேங்கடம் அடைத்துக்கொண்டார்.

தொண்ணூறாவது நாள் வந்தது. ரத்தம் எடுக்கும் இடத்தில் நால்வரும் பெஞ்சில் கூடிப் பேசினார்கள்.

“நடந்தது யாரு?” என்றார் அருணகிரி.

“மரியதாஸ்.”

“நடந்ததால குறையற சர்க்கரை யார் உடம்புல குறையும்?”

“நடந்தவன் உடம்புல.”

“அப்ப எந்த ரத்தத்தைக் காட்டறது நியாயம்?”

“திருவேங்கடம்!” என்று நர்ஸ் கூப்பிட்டார். மரியதாஸ் எழுந்து போய்க் கையை நீட்டினார்.

சிறிது நேரத்தில் டாக்டர் முகமெல்லாம் சிரிப்பாக, “எண்பத்தெட்டு! பிரமாதம் திருவேங்கடம்!” என்று நிமிர்ந்தார். எதிரே மரியதாஸ் உட்கார்ந்திருந்தார்.

“நீங்க யாரு?”

“திருவேங்கடம், டாக்டர்,” என்ற மரியதாஸ், பொய் சொல்லிப் பழகாதவர் என்பதால், “பொறுப்பு,” என்று சேர்த்தார்.

வாசலில் ஒளிந்திருந்த அசல் திருவேங்கடத்தை உள்ளே இழுத்து, விரலில் குத்தி, கருவியில் பார்த்தார்கள். முந்நூற்று நாற்பத்தொன்று. அந்த விரல் குத்துக்கே அவர் பக்கிரிசாமி மேல் சாய்ந்துவிட்டார்.

“நாளையிலேர்ந்து ஊசி,” என்றார் டாக்டர்.

“ஊசியை யார் பொறுப்புல…” என்று ஆரம்பித்த அருணகிரி, டாக்டர் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டார்.

திருவேங்கடம் கையெடுத்துக் கும்பிட்டார். நாலு பேர் முன்னால் அழுதே விட்டார். டாக்டர் மாத்திரையை மாற்றி எழுதினார்.

“ஒரே ஒரு மாசம். டீக்கடைப் பக்கம் தலை வெச்சுப் படுக்கக் கூடாது. நீங்களே நடக்கணும். உங்க கால், உங்க வயிறு, உங்க ரத்தம். புரியுதா?”

இந்தத் தடவையும் எழுதித்தான் கொடுத்தார்.

அலுவலகத்தில் மீண்டும் கூட்டம். திருவேங்கடமே நடக்க வேண்டும் என்றால், நடையின் பொறுப்பை மரியதாஸிடமிருந்து திரும்ப வாங்க வேண்டும். பொறுப்பை வாங்கும்போது அவர் வசம் உள்ளதையெல்லாம் ஒன்று குறையாமல் ஒப்படைக்க வேண்டும். அது விதி.

“உன் வசம் என்னய்யா இருக்கு?” என்று மரியதாஸைக் கேட்டார் திருவேங்கடம்.

“மூணு லட்சம் அடி சார்.”

“அதை எப்படி ஒப்படைக்கிறது?”

பக்கிரிசாமிக்கு அன்றைக்கு மட்டும் சந்தேகம் வரவில்லை. யோசனை வந்தது. “முன்னாடி நடந்து சேர்த்த அடி சார். பின்னாடி நடந்தாத்தானே திரும்பக் கைக்கு வரும்?”

ஒரு மாதம், மூன்று லட்சம். நாளுக்குப் பத்தாயிரம். டாக்டர் சொன்ன கணக்கோடும் ஒத்துப்போனதில் எல்லோருக்கும் நிம்மதி.

மறுநாள் காலை திருவேங்கடம் வாய்க்கால் கரையில் பின்னோக்கி நடக்க ஆரம்பித்தார். நாற்பதாவது அடியில் ஓர் ஆட்டின் மேல் விழுந்தார். முதுகில் கண் இல்லாத குறையைத் தீர்க்க யாராவது எதிர்முகமாக நடந்து வழி சொல்ல வேண்டும். அருணகிரி குடும்பப் பொறுப்பை ஒப்படைக்கும் வேலையில் இருந்தார். இன்னும் ஒட்டடை பாக்கி. மரியதாஸ் வந்தால் அவர் கணக்கில் அடி இன்னும் சேர்ந்துவிடும். ஆகவே புஷ்பலதாவே வந்தார்.

“இடது பக்கம் வாங்க. கல்லு. இன்னும் கொஞ்சம். என்னங்க, என் தங்கச்சியோட நாத்தனார் இருக்காளே…”

“பார்த்தேன் புஷ்பா. குறிப்புல இருந்துச்சு.”

“குறிப்புல மீதிக் கதை வரலை. கேளுங்க.”

கேட்டார். முகத்துக்கு முகம் பார்த்தபடி நடந்ததால் வேறு எங்கேயும் பார்க்க வழியில்லை. மூன்றாம் நாள் அவரும் ஏதோ சொன்னார், புஷ்பலதா சிரித்தார். மதகு வந்ததும் திருவேங்கடம் நீர்மட்டப் பதிவேட்டை எடுத்து, வாய்க்காலையே நேரில் பார்த்துப் பூஜ்யம் எழுதினார். பதினேழு வருடத்தில் யாரும் அதை நேரில் பார்த்து எழுதியதில்லை. காலை வேளையில் ஒரே கரையில் வேலையும் குடும்பமும் நடையும் முடிந்துகொண்டிருந்தன. அதை நால்வரில் ஒருவரும் கவனிக்கவில்லை.

முப்பதாவது நாள் டாக்டர் கருவியை இரண்டு தடவை தட்டிப் பார்த்தார். நூற்று நாற்பத்தாறு.

“ஊசி வேண்டாம்! என்ன பண்ணினீங்க?”

“ஒண்ணும் பண்ணலை டாக்டர். பண்ணினதையெல்லாம் கழிச்சுட்டோம்.”

டாக்டருக்குப் புரியவில்லை. “எதைச் செஞ்சீங்களோ, அதையே விடாம செய்யுங்க,” என்றார். அருணகிரி அதையும் எழுதி வாங்கிக்கொண்டார்.

வெளியே வந்ததும் புஷ்பலதா கேட்டார்: “நாளைக்கு எத்தனை மணிக்குக் கிளம்பலாம்?”

திருவேங்கடம் நடைப் பதிவேட்டைத் திறந்து கடைசிப் பக்கத்தைக் காட்டினார். பூஜ்யம். கீழே நான்கு கையெழுத்து.

“பின்னாடி நடக்க இருப்பு இல்லையே புஷ்பா. மரியதாஸ் நாளைக்குக் காலையில ஆரம்பிக்கிறான். ஒரு மூணு லட்சம் முன்னாடி நடந்து சேர்த்துட்டான்னா, உனக்குச் சொல்லி அனுப்பறேன்.”

“அதுவரைக்கும்?”

“வீட்டுக்கு அருணகிரி வருவார்,” என்று சொல்லிவிட்டு, மேற்பார்வைக்கு நேரமாகிவிட்டதால், திருவேங்கடம் டீக்கடையைப் பார்த்து நேராக முன்னால் நடந்தார்.