எண்ணெய்க் குளியலும் முகத்துறை வெள்ளமும்

முன்னொரு காலத்தில், மழைகூடத் தம்மைக் கேட்டுத்தான் பெய்கிறது என்று நம்பிய ராஜா ஒருவர் இருந்தார். அவருக்குச் சோறு இறங்க விகடகவி பூவராகன் பக்கத்தில் இருந்தாக வேண்டும். அதனால் அவனுக்கு ஊர்ப்பக்கம் போக விடுப்பே கிடையாது. பாவம், அவன் மனைவி குமுதவல்லி ஆறு கடலில் கலக்கும் முகத்துறையில் இருந்தாள். சபையைச் சிரிக்க வைத்துவிட்டு மாலையில் ஆற்றங்கரைக்கு வருவான். 'இந்தத் தண்ணீர் அவளிடம் போகிறது. எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லையே' என்று ஏங்குவான்.

ஐப்பசி பிறந்தது. வானம் கறுத்தது. முகத்துறை ஜனங்களை மேட்டுக்கு அனுப்பலாமா என்று ராஜா அதிகாரிகளைக் கேட்டார். ஆற்றுக்கு ஒருவர், கடலுக்கு ஒருவர், காற்றுக்கு ஒருவர். மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க மாட்டார்கள்.

"வெள்ளம் வந்தால் கடலில் வடிந்துவிடும், பிரபு" என்றார் ஆற்று அதிகாரி.

"கடல் ஏறினாலும் கரை தாண்டாது" என்றார் கடல் அதிகாரி.

"காற்றில் நாலு கூரை பறக்கும், அவ்வளவே" என்றார் காற்று அதிகாரி.

"மூன்றும் சேர்ந்து வந்தால், பிரபு?" என்றான் பூவராகன்.

"பெண்டாட்டி நினைப்பில் உளறுகிறான்!" என்று மூவரும் முதன்முறையாக ஒற்றுமையாகச் சிரித்தார்கள். "நிரூபிக்கட்டும். தவறினால் ஆயுளுக்கும் அரண்மனையைவிட்டு நகரக் கூடாது."

அந்த நிபந்தனை ராஜாவுக்கு இனித்தது. "ஆகட்டும்" என்றார்.

"நாளை உங்கள் எண்ணெய்க் குளியலில் நிரூபிக்கிறேன், பிரபு. பணிவிடைகளைப் பங்கிட எனக்கு அனுமதி தாருங்கள்" என்றான் பூவராகன்.

ராஜாவின் எண்ணெய்க் குளியலன்று பெரிய அதிகாரிகளே ஆளுக்கொரு பணிவிடை செய்வது அங்கே வழக்கம். அந்தப் பெருமைக்கு அடிபிடிச் சண்டையே நடக்கும். ஆற்று அதிகாரிக்குத் தொட்டியின் மதகைத் திறக்கும் வேலை கிடைத்தது. பாம்பு நுழையாமல் வடிகாலை அடைத்துப் பிடிப்பது கடல் அதிகாரியின் வேலை. குளிர்காற்று படாமல் கதவை அழுத்திப் பிடிப்பது காற்று அதிகாரியின் வேலை. அடுத்தவன் வேலையை எட்டிப் பார்ப்பது கௌரவக் குறைச்சல் என்று மூவரும் விறைப்பாக நின்றார்கள்.

தொட்டியில் உட்கார்ந்த ராஜாவின் மார்புக்குத் தண்ணீர் வந்தது, கழுத்துக்கு வந்தது. உடம்பெல்லாம் எண்ணெய். எழுந்தால் வழுக்கியது. அவர் போட்ட கூச்சல் கேட்டுச் சேவகர்கள் வெளியே கதவை இடித்தார்கள்.

"ஐயா, உங்களால் பிரபுவுக்கு ஆபத்து உண்டா?" என்று பூவராகன் ஒவ்வொருவராகக் கேட்டான்.

"நான் தண்ணீர்தானே விடுகிறேன்!"

"நான் ஓட்டையைத்தானே அடைக்கிறேன்!"

"நான் கதவைத்தானே பிடிக்கிறேன்!"

"அடப் பாவிகளா! மூவரும் சேர்ந்து என்னைக் கொல்கிறீர்களே!" என்று ராஜா அலறினார்.

பூவராகன் பாய்ந்து மதகை மூடினான். "முகத்துறையும் இந்தத் தொட்டிதான், பிரபு. மழை ஆற்றை நிரப்பும். காற்று கடலைத் தள்ளும், தப்பும் வழியையும் மறிக்கும். ஏறிய கடல் ஆற்றின் வாயை அடைக்கும். ஜனங்கள் எங்கே போவார்கள்?"

ராஜா இருமி இருமிச் சிரித்தார். அந்த நிமிஷமே ஜனங்களை மேட்டில் ஏற்றக் கட்டளை பறந்தது. "உனக்கு என்ன வேண்டும்? கேள்!"

"அவளைப் பார்க்க வேண்டும்."

ராஜா தம் குதிரையையே கொடுத்தார்.

அவன் மேட்டை அடைந்தபோது மூன்றும் சேர்ந்தே வந்துவிட்டிருந்தன. கீழே ஊர் இருந்த இடத்தில் தண்ணீர்தான் தெரிந்தது. கூட்டத்தில் குமுதவல்லி நனைந்தபடி நின்றாள்.

"நம்ம வீடு போயிடுச்சுங்க" என்று விம்மினாள்.

"போனா போகுது புள்ள. நீ நிக்கிறியே."

சபையையே சிரிக்க வைத்தவன் அத்தனை பேர் முன்னாலும் தேம்பி அழுதான். யாரும் அவனைக் கேலி செய்யவில்லை.