ராஜாவின் இலையில் குத்துமதிப்பு

பூவாணிக்கோட்டையை ஆண்ட அளகேச பூபதி நல்ல ராஜாதான். ஆனால் வெளியூர் போய்விட்டுத் திரும்பினால் மட்டும் அவரைக் கையில் பிடிக்க முடியாது. போன இடத்தில் எதைப் பார்த்தாரோ, அதை இங்கேயும் நடத்திக் காட்டியாக வேண்டும். அந்தத் தடவை மைத்துனர் அரண்மனையில் எட்டு நாள் விருந்தாடிவிட்டு வந்தார். அங்கே எல்லாமே அளவாம், நிறுவையாம். பூஜைக்குப் பறிக்கிற பூவைக்கூட நிறுத்துத்தான் கொடுப்பார்களாம். மைத்துனர் அடித்துக்கொண்ட பெருமையில் நம் ராஜாவுக்கு வயிற்றெரிச்சல் தாங்கவில்லை.

வந்ததும் வராததுமாக மடைப்பள்ளிக்குள் நுழைந்தார். தலைமைச் சமையற்காரர் வரதப்பன் குழம்புக்கு உப்புப் போட்டுக்கொண்டிருந்தார். இருபத்திரண்டு வருஷமாக அந்த அரண்மனைக்கு உப்புப் போட்ட கை. எவ்வளவு போட்டாய் என்று ராஜா கேட்டார். சூதுவாது தெரியாத மனுஷன், உள்ளதைச் சொன்னார்.

"குத்துமதிப்பா ஒரு கை, மகாராஜா."

"அது என்ன குத்துமதிப்பு? எங்கேயிருந்து வந்த சொல் அது? எத்தனை பலம் எடைன்னு சொல்லு."

வரதப்பன் உப்பு ஒட்டிய உள்ளங்கையை விரித்துக் காட்டினார். ராஜா விடவில்லை. சபைப் பண்டிதர்கள் மூன்று பேரையும் அங்கேயே வரவழைத்தார். குத்து என்றால் கைக்குள் அடங்குகிற அளவு, அள்ளிப் பார்த்து மதிப்பிடுவதால் குத்துமதிப்பு என்றார் முதல் பண்டிதர். இரண்டாமவர் மூக்கால் சிரித்தார். வயலில் கொத்தாக நிற்கிற ஒரு நெற்குத்தைப் பார்த்துவிட்டு முழு வயலின் விளைச்சலையும் சொல்கிறார்களே, அதிலிருந்து வந்தது என்றார். மூன்றாமவரோ, இரண்டுமே தப்பு, கண்ணை மூடிக்கொண்டு எங்கேயோ ஒரு குத்து குத்துவதுதான் என்று சாதித்தார். பேச்சு முற்றி, ஒருவர் குருநாதரை இன்னொருவர் வம்புக்கு இழுக்கிற அளவுக்குப் போய்விட்டது.

தன் அர்த்தமே நிலையாக இல்லாத சொல் இனி இந்த அரண்மனையில் யார் வாயிலும் வரக்கூடாது என்று ராஜா சட்டம் போட்டார். எதைச் சொன்னாலும் அளவோடு சொல்ல வேண்டும். அளவு சொல்லாத உத்தரவை, யார் சொன்னாலும் சரி, நிறைவேற்றக் கூடாது. வரதப்பன் உப்பையும் புளியையும் தராசில் நிறுத்துத்தான் போட வேண்டும். மூன்று நாளில் பழைய ருசி வராவிட்டால் அவர் வீட்டுக்குப் போகலாம், மைத்துனரின் சமையற்காரர் வருவார்.

வரதப்பன் நிறுத்துப் பார்த்தார். முதல் நாள் மழை. ஈரம் குடித்த உப்பு தராசில் கனத்தது, குழம்பில் காணாமல் போனது. மறுநாள் வெயில். அதே நிறுவை உப்பு போட்டதில் குழம்பு கடல்தண்ணீராகிவிட்டது. இரண்டு நாளும் ராஜா முதல் வாயோடு இலையை மூடினார்.

அன்று சாயங்காலம் வரதப்பன் சபையின் விகடகவி தாண்டவராயரிடம் போய் நின்றார். இந்த வயதில் வேறு எந்த அடுப்படிக்குப் போவேன் என்று புலம்பினார். தாண்டவராயர் வெற்றிலையை மென்றபடி முழுசாகக் கேட்டார். நாளைக்குத் தராசைத் தூக்கிப் பரண்மேல் போடு, உன் கை சொல்கிறபடி சமை, ரசம் பரிமாறுகிற வேலையை மட்டும் எனக்கு விட்டுக்கொடு என்றார். வரதப்பனுக்கு ஒன்றும் புரியவில்லை. சரி என்று தலையாட்டினார்.

மூன்றாம் நாள் பந்தி. கதவிடுக்கில் கண்ணை வைத்துக்கொண்டு வரதப்பன் நின்றார்.  குழம்பைச் சாப்பிட்டு முடித்த ராஜாவின் முகம் மலர்ந்திருந்தது. அடுத்து சோற்றைக் குவித்து, நடுவில் குழி பறித்து, கரை கட்டி, ரசம் என்றார்.

தாண்டவராயர் கரண்டியோடு அசையாமல் நின்றார். எத்தனை கரண்டி என்று பணிவாகக் கேட்டார்.

நம் சட்டத்தை இவனாவது மதிக்கிறானே என்று ராஜாவுக்குச் சந்தோஷம். ஆனால் எத்தனை என்று எப்படித் தெரியும்? பிறந்ததிலிருந்து இலைக்கு மேல் கை காட்டித்தானே நிறுத்தியிருக்கிறார்? மைத்துனர் வீட்டில் இருபது கரண்டி என்று காதில் விழுந்தது ஞாபகம் வந்தது. அங்கே கரண்டி, குழந்தைக்குப் பால் புகட்டுகிற சங்கு அளவுதான் என்பதை அவர் கவனிக்கவில்லை. மைத்துனருக்கு நாம் என்ன குறைச்சல்?

"முப்பது" என்றார்.

தாண்டவராயர் ஊற்றினார். நான்காவது கரண்டியில் குழி நிரம்பியது. ஆறாவதில் கரை உடைந்தது. ராஜா வழக்கம்போல் கையைக் காட்டிப் போதும் என்றார்.

"போதும்னா எத்தனை, ராஜா? அளவு சொல்லாத உத்தரவை நிறைவேத்தக் கூடாதுன்னு சட்டம்."

ஏழாவது விழுந்தது. எட்டாவதில் ரசம் இலையைத் தாண்டி ராஜாவின் பட்டு வேஷ்டியைத் தேடிப் போனது. ஆறின ரசம்தான், தாண்டவராயர் அந்த அளவுக்குப் பொல்லாதவர் இல்லை. இதுவரை எத்தனை ஊற்றினாய் என்று ராஜா பதறினார். முப்பது முடிந்ததும் கணக்குச் சொல்கிறேன் என்றபடி அவர் பன்னிரண்டாவதைக் கவிழ்த்தார். மடியில் மிளகும் கறிவேப்பிலையும் மிதந்தன.

"டேய் தாண்டவராயா, குத்துமதிப்பா எங்கேயாவது நிறுத்துடா!"

கரண்டி அந்தரத்தில் நின்றது.

"இதோ நிறுத்திட்டேன் ராஜா. இப்பத்தான் அளவு சரியாப் புரிஞ்சுது."

 ராஜா தன் வாயைத் தானே பொத்திக்கொண்டார். பிறகு தோள் குலுங்கியது, வயிறு குலுங்கியது, கண்ணில் நீர் வரச் சிரித்தார். வரதப்பனைக் கூப்பிட்டார். தராசைத் தொடவே இல்லை என்று வரதப்பன் ஒப்புக்கொண்டார். அந்தக் கையைப் பிடித்து, தன் கையிலிருந்த தங்கக் காப்பைக் கழற்றி ராஜாவே மாட்டிவிட்டார். சட்டம் அந்த நிமிஷமே ரத்தானது.

இதுதான் சமயம் என்று மூன்று பண்டிதர்களும் முன்னால் வந்தார்கள். குத்துமதிப்புக்குத் தாங்கள் சொன்ன பொருளில் எது சரி என்று மகாராஜா தீர்ப்புச் சொல்ல வேண்டுமாம்.

ராஜா மெல்ல எழுந்து வேஷ்டியைப் பிழிந்தார்.

"அதோட பொருள் இத்தனை நாளா எனக்குத் தெரியலை, பண்டிதர்களே. இப்ப என் மடியிலேயே இருக்கு."